கயிறு ஆஸ்பத்திரி

பரணில் கிடந்த சாக்குப்பையை இன்று காலையில்தான் இறக்கினேன். வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள், பரணைக் காலி செய்து வையுங்கள் என்று நம் மகள் சொல்லியிருந்தாள். பைக்குள் உங்கள் கேன்வாஸ் ஷூ இருந்தது. துணி நைந்து, லேஸ் இற்றுப்போயிருந்தது. அடியில் இருந்த வரிகளுக்குள் மட்டும் கரிசல் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவியாவது வைப்போம் என்று குழாயடிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் பட்டதும் மண் இளகி ஒரு வாடை எழுந்தது. மழை பெய்த மறுநாள் பருத்திக்காட்டுக்குள் கால் வைத்தால் வருமே, அந்த வாடை. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் நம் ஸ்டூடியோவுக்குப் பெயர் இருந்தது. கல்யாணப் படம் என்றால் உங்களைத்தான் தேடி வருவார்கள். வெட்கத்தில் தலை நிமிராத பெண்ணையும், அழுது அடம்பிடிக்கிற பிள்ளையையும், கேமராவைப் பார்த்தாலே விறைத்துப் போகிற பெரியவரையும் நீங்கள் பேச்சாலேயே இளக்கிவிடுவீர்கள். நான் உள்ளே இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருப்பேன். உங்கள் குரல் மட்டும் கேட்கும். "இங்கன பாருங்க. என்னைய மட்டும் பாருங்க. தாடையக் கொஞ்சம் எறக்குங்க. ஆங், அம்புட்டுத்தான், அசையக் கூடாது." சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், தட்டில் மிதக்கிற தாளில் அந்த முகங்கள் மெல்லத் தெளிந்து வரும்போது, ஒவ்வொன்றும் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

கல்யாண வீடுகளில்தான் குடியும் தொடங்கியது. முதலில் வேலை முடிந்தபின் குடித்தீர்கள். பிறகு வேலைக்கு முன்பும் குடித்தீர்கள். கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கத்தை நிறுத்தக் குடித்தீர்கள், குடித்ததால் மறுநாள் இன்னும் நடுங்கியது. ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் முகூர்த்தம் முழுக்க ஃபிளாஷ் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் இருட்டறையில் கேமராவைத் திறந்தபோது உள்ளே ஃபிலிமே இல்லை. பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு படங்கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டு அழுதார். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட் படங்களை நானே எடுத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டாக்டர் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். உடம்பு தேறியதும் நேராக அங்கே கொண்டு போங்கள், வீட்டுக்குக் கூட்டிப் போனால் மறுபடியும் இங்கேதான் வருவார் என்றார். அங்கே தங்கவைத்து, மருந்து கொடுத்து, மலையேற்றி, கயிற்றில் தொங்கவிட்டுக் குடியை மறக்கடிக்கிறார்களாம். என் அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "குடிகாரன் கையில கயித்தக் குடுக்கதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா?" எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஆனால் போவதற்கு வேறு இடம் இல்லை.

விளாத்திகுளம் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வண்டிப்பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும். சுற்றிலும் கரிசல் காடு. நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், முற்றத்தில் வேப்பமரங்கள். மரத்துக்கு மரம் கட்டிய கம்பியில் கயிறு கயிறாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கயிறு ஆஸ்பத்திரி என்றார்கள். கிண்டலாகத்தான் சொன்னார்கள். விடியற்காலையில் தோளில் கயிற்றுச் சுருளோடு ஆண்கள் வரிசையாகப் பக்கத்துக் குருமலைக்குப் போவதைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். "குடிகாரப் பயலுவ ஊர்கோலம் போறானுவ" என்று ஒருவர் தினமும் வரப்பில் நின்று கத்துவார் என்று பின்னால் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

இடத்தை நடத்தியவரைச் சுபேதார் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் பனிமலையில் ஏறப் பழக்கிக் கொடுத்தவர். தானும் குடித்து, தானும் விட்டவர். உங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். நான் அவரிடம் நேரடியாகவே கேட்டேன்.

"மலை ஏறினா குடி விட்டுருமா அண்ணாச்சி?"

"விடாது தாயி," என்றார். "மாத்திரை இருக்கு. டாக்டர் வாராரு. சாயங்காலம் வட்டமா உக்காந்து மனசு விட்டுப் பேசுதது இருக்கு. எல்லாம் சேந்துதான். ஆனா ஒண்ணு. வீட்ல நீங்க இவர ஒரு காரியத்துக்கும் நம்ப மாட்டீங்க. இவரும் தன்னைய நம்ப மாட்டாரு. பாறையில ஒருத்தன் தொங்கும்போது அவன் கயிறு இவரு கையில இருக்கும். அப்ப அவனும் நம்பணும், இவரும் நம்பணும். வேற வழி கெடையாது பாத்துக்கிடுங்க."

நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றபடி, "நான் போட்டோ புடிக்கவன். கொரங்கு இல்ல" என்றீர்கள்.

"கொரங்குக்குக் கயிறு வேண்டாம்" என்றார் சுபேதார், சிரிக்காமல்.

தொடக்கத்தில் சில வாரங்கள் யாரும் பார்க்க வரக்கூடாது என்றார்கள். பிறகு மாதம் ஒரு ஞாயிறு. முதல் முறை நான் வந்தபோது நீங்கள் மலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். தூரத்தில் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அதில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே வந்து சிரித்த பிறகுதான் தெரிந்தது. முகம் கறுத்து, உதடு வெடித்து, முழங்கையில் தோல் உரிந்திருந்தது. உங்களோடு ஆஜானுபாகுவாக ஒருவர் வந்தார். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி வடக்கே ஓட்டிய லாரி டிரைவர், வேலுச்சாமி. "இவருதான் எங் கயிறு" என்று அவரைக் காட்டினீர்கள். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். நீங்கள் ஏறும்போது அவர் பிடிப்பார், அவர் ஏறும்போது நீங்கள்.

டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கிளாஸின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ தளும்பவில்லை. எத்தனையோ காலமாக நீங்கள் டீயை இரண்டு கையால் பிடித்து, குனிந்து வாயைக் கொண்டுபோய்க் குடித்துத்தான் பார்த்திருந்தேன். அன்று ஒற்றைக் கையால் குடித்துக்கொண்டே சொன்னீர்கள்:

"இன்னைக்குப் பாறையில நட்டநடுவுல மாட்டிக்கிட்டேன், பாக்கியம். மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. காலு தையல் மிஷின் மாதிரி ஆடுது. அப்பிடி ஒரு பயம். ஆனா பாரு, ரொம்ப நாளைக்குப் பொறகு எதுக்குப் பயப்படணுமோ அதுக்குப் பயந்தேன். மத்த நாளெல்லாம் விடிஞ்சா பயம், கதவு தட்டுனா பயம், ஒன் மொகத்தப் பாத்தாப் பயம்."

"பொறகு எப்பிடி எறங்குனீங்க?"

"எறங்கல. ஏறிட்டேன்."

இதைச் சொல்லும்போது உங்களுக்கே அது நம்ப முடியாததாக இருந்தது. என்னிடம் சொல்லிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறவர் போலச் சொன்னீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அது உண்மையா, எத்தனை நாளைக்கு உண்மை என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ அகலத் திறந்தது போல இருந்தது.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. பார்க்கப் போகிற ஞாயிறு அன்று வானம் வெளுத்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கி வண்டிப்பாதையில் கால் வைத்ததும் செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். உங்களுக்குத் தெரியாததா? நனைந்த கரிசல் விடாது. ஒவ்வொரு அடிக்கும் காலில் மண் அப்பி, அதன்மேல் இன்னும் அப்பி, பாதம் யானைக்கால் மாதிரி ஆகிவிடும். வழித்து எறிந்துவிட்டு நடந்தால் மறுபடியும் அப்பும். என்னோடு வேலுச்சாமியின் மனைவியும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். இரண்டு பக்கமும் மிளகாய்ச் செடியும் உளுந்தும் கழுவிவிட்டது போலப் பச்சையாக நின்றன.

கொண்டுபோன சோற்றை எல்லோருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த ஆள் ஓடிவந்தார். இடுப்புவரை மண். வாசலில் வந்து விழுந்தார். வரப்பில் நின்று தினமும் உங்களைப் பார்த்துக் கத்துவாரே, அவரேதான்.

"அண்ணாச்சி, கெணறு சரிஞ்சு போச்சு. எம் பொண்டாட்டி உள்ள கெடக்கா. உசுரு இருக்கு. கூப்பிட்டாச் சத்தம் குடுக்கா."

ஆடு ஒன்று கிணற்றோரம் போனதென்று அதை விரட்டப் போயிருக்கிறாள் அவர் மனைவி செல்லத்தாய். ஊறிப்போன கரை அவளோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. சைக்கிளில் ஒருவர் போய் போன் செய்து, தீயணைப்பு வண்டியும் ரோடு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வண்டிப்பாதையில் இறங்கியதும் சக்கரம் பாதிவரை புதைந்து நின்றுவிட்டது. அவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து வருகிறார்கள். அந்த மண்ணில் எப்போது வந்து சேர்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சுபேதார் எச்சில் கையைக்கூடக் கழுவவில்லை. "மலைக் கயித்த எடுங்க. சாக்கு ரெண்டு எடுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பெரிய கயிறு ஒன்றுதான் அன்றைக்கு முழுசாக இருந்தது. மற்றவை நைந்துவிட்டன என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நீங்கள் எல்லோரும் போனீர்கள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

அந்தக் கிணற்றை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம். சதுரக் கிணறு, ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம், அத்தனை அகலம். ஒரு பக்கக் கரை மொத்தமாகச் சரிந்து, படிகளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பாதி ஆழத்தில் பாறை சுற்றிலும் திண்டு போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் செல்லத்தாய் மண்ணுக்குள் இடுப்புவரை புதைந்து கிடந்தாள். ஒரு கை மட்டும் ஒரு வேரைப் பிடித்திருந்தது. அதற்குக் கீழே மண் கரைந்து கலங்கிய தண்ணீர். அவள் அழ அழ, அவள் தலைக்கு மேலே கரையிலிருந்து மண் கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

சுபேதார் வயிற்றால் ஊர்ந்து விளிம்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதிர்ப்பக்கச் சுவரின் கல்கட்டு உறுதியாக இருந்தது. அங்கே இறங்கி, அந்தப் பாறைத் திண்டு மேலேயே சுவரை ஒட்டி நடந்து அவளிடம் போக வேண்டும்.

"கனமான ஆளு எறங்கக் கூடாது. யாரு லேசு?" என்றார்.

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் ஏற்கெனவே இடுப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். வேலுச்சாமி உங்கள் முடிச்சை இழுத்துப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது. வெளியூர் போகிறவர் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி. எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. நீங்கள் பின்னால் சாய்ந்து, கல்லில் கால் ஊன்றி, கண்ணுக்கு மறைந்து போனீர்கள்.

கயிற்றைக் கிணற்றோரம் நின்ற வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் வேலுச்சாமி, பின்னால் மற்றவர்கள் பிடித்திருந்தார்கள். விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிறு ஓடியது. சுபேதார் படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். "விடு. விடு. இன்னும் விடு. நிறுத்து." மண் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. பிடித்திருந்த ஆண்களின் கால்கள் ஒவ்வொன்றாகச் சறுக்கின. வேலுச்சாமி முழங்கால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆளு காணாது! பொம்பளைங்களும் வாங்க!" என்று கத்தினார் சுபேதார்.

செல்லத்தாயின் புருஷன் ஓடிப்போய்ப் பருத்திமார்க் குச்சிகளை அள்ளிவந்து வழுக்காமல் இருக்க எங்கள் காலடியில் பரப்பினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.

அங்கே நின்றால் கிணற்றுக்குள் பார்க்க முடியாது. உங்கள் குரல் மட்டும்தான் கேட்டது. கிணற்றுச் சுவரில் பட்டு, பெரிதாக, நிதானமாக வந்தது.

"தாயி, மேல பாக்காதீங்க. கீழயும் பாக்காதீங்க. இங்கன பாருங்க. என்னைய மட்டும் பாருங்க."

அவள் அலறினாள். மண் விழுகிற சத்தம் கேட்டது.

"அழுதாக் குலுங்கும் தாயி. மெல்ல மூச்சு விடுங்க. தாடையக் கொஞ்சம் எறக்குங்க. ஆங், அம்புட்டுத்தான். அசையக் கூடாது. நான் வாரேன்."

அது ஸ்டூடியோக் குரல். செத்துப்போய்விட்டது என்று நான் நினைத்திருந்த குரல். நான் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். கயிற்றை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

வெகுநேரம் நீங்கள் கையால் மண்ணைத் தோண்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் தோண்டுவது, கொஞ்சம் பேசுவது. அவள் பிறந்த ஊர் எது, ஆட்டுக்கு என்ன பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அவளும் பதில் சொல்ல ஆரம்பித்தாள். திடீரென்று சுபேதார், "ஓய், வேண்டாம்! அந்தக் கயிறு வரட்டும்!" என்று கத்தினார். நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்கு விளங்கவில்லை. பிறகு சுபேதார் தாழ்ந்த குரலில், "இழுங்க. பதனமா இழுங்க" என்றார்.

இழுத்தோம். உங்களைத்தான் இழுக்கிறோம் என்று நான் நினைத்தேன். விளிம்பில் முதலில் தெரிந்தது ஒரு பெண்ணின் தலை. செல்லத்தாய் உங்கள் இடுப்பு வாரில் இருந்தாள். ஒரு கால் முறிந்து தொங்கியது. நீங்கள் உங்கள் கயிற்றைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டிருந்தீர்கள். தீயணைப்புக்காரர்களின் கயிறு வரும்வரை மேலே இருந்த மண் காத்திருக்காது என்று கீழே இருந்த உங்களுக்குத்தான் தெரியும்.

அவளைத் தூக்கி அப்பால் படுக்கவைத்த மறுநிமிஷம் கரை மறுபடியும் சரிந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம் என் நெஞ்சுக்குள் விழுந்தது. கிணற்றுக்குள்ளிருந்து புழுதி எழவில்லை, ஈர வாடைதான் எழுந்தது. சுபேதார் விளிம்பில் முகம் கவிழ்ந்து கிடந்தார். வேலுச்சாமி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. "கயித்தப் போடும்வே வேலுச்சாமி. இங்கன ஒரு ஆளு காத்துக் கெடக்கேன்."

மண் சரியும் முன்பே நீங்கள் பாறையில் நடந்து கல்கட்டுப் பக்கம் வந்துவிட்டிருந்தீர்கள். கயிற்று நுனியில் வாரைக் கட்டி இறக்கினார்கள். கயிறு இறுகியது. என் இரண்டு உள்ளங்கையிலும் உங்கள் கனம் வந்து இறங்கியது.

அந்தக் கனம் எனக்குப் புதிது. எத்தனை தடவை உங்களைத் தெருவிலிருந்து தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஈரமணல் மூட்டை மாதிரி கனப்பீர்கள். நான் எவ்வளவு தூக்கினாலும் அவ்வளவும் தரையைப் பார்த்துத்தான் போகும். இங்கே அப்படி இல்லை. நான் இழுத்தால் நீங்களும் கல்லில் கால் வைத்து ஏறினீர்கள். ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு ஒரு கணம் லேசாகி, பிறகு இறுகியது. லேசாகி, இறுகியது. நீங்கள் ஏறுவதை நான் கையால் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் நான் தனியாக இழுத்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு இரண்டு பேராக இழுத்தோம்.

மேலே வந்ததும் நீங்கள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டீர்கள். கண்ணையும் பல்லையும் தவிர எல்லாம் மண். தீயணைப்புக்காரர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள், முழங்கால்வரை கரிசலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. செல்லத்தாயைக் கட்டிலில் வைத்து ரோடு வரைக்கும் அவர்களும் உங்கள் ஆட்களும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் காலில் அப்பியிருந்த மண்ணைக் கையால் வழித்து வழித்து எறிந்துகொண்டே இருந்தார். நீங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் உங்கள் கையைப் பார்த்தேன். நகங்களில் ரத்தம். நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது வேற நடுக்கம், பாக்கியம்" என்றீர்கள்.

கதைகளில் என்றால் இங்கே முடிந்திருக்கும். நமக்கு முடியவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், ஸ்டூடியோவைத் திறந்தீர்கள், ஆட்கள் மறுபடியும் வர ஆரம்பித்தார்கள். கயிறு ஆஸ்பத்திரிக்காரர் என்று உங்களுக்குப் பெயராகிவிட்டது, அதைச் சொன்னவர்கள் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ நீட்டியதை வாங்கிக் குடித்துவிட்டீர்கள். அன்று வீட்டுக்கு வரவில்லை. நான் தேடாத இடமில்லை. மறுநாள் மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்ததென்று கூப்பிட்டார்கள். சுபேதார் பேசினார்.

"இங்கனதான் இருக்காரு தாயி. நடந்தே வந்திருக்காரு."

"எங்கேருந்து?"

"கோவில்பட்டிலேருந்து."

"என்ன சொன்னீங்க அவர?"

"ஒண்ணும் சொல்லல. சிக்குன கயிறு ஒண்ணு கெடந்துச்சு. பிரிச்சுச் சுத்தி வைங்கன்னு குடுத்திருக்கேன். சுத்திக்கிட்டு இருக்காரு."

நான் கூண்டுக்குள் நின்று ரிசீவரைப் பிடித்தபடியே அழுதேன். துக்கத்தில் இல்லை. விழுந்த மனிதர் கடைப் பக்கம் போகாமல் அத்தனை தூரம் வெயிலில் அந்தத் திசை பார்த்து நடந்திருக்கிறாரே, அந்த நடையை நினைத்து. கிணற்றில் இறங்கியதைவிட அது பெரிது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கிணற்றோரத்தில் அத்தனை பேர் நின்றோம். அந்த ரோட்டில் உங்களோடு யாரும் இல்லை.

அதன்பிறகு நீங்கள் குடிக்கவில்லை. ஞாயிறு தோறும் அங்கே போய்ப் புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறு பிடித்தீர்கள். ஆனால் ஈரல் முன்பே கெட்டுப்போயிருந்தது. கிடைத்த வருஷங்களே அதிகம் என்றார் டாக்டர். கடைசி நாட்களில் உங்களுக்கு வருத்தமில்லை. மகளின் கல்யாணத்தை நீங்களே படம் எடுத்தீர்கள். தாலி கட்டுகிற நேரம் உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான் மட்டும் இல்லை, வந்திருந்த பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள். விரல் அசையவில்லை.

நீங்கள் போன அன்று வீட்டில் கூட்டம். சுபேதார் வந்து வாசலில் நின்றார். வேலுச்சாமி எங்கோ வடக்கே இருந்து லாரியைப் போட்டுவிட்டு ரயிலில் வந்தார். எல்லோரும் போனபிறகு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, செல்லத்தாய் வந்தாள். ஒரு காலைச் சாய்த்து நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் மாலை போட்டு வைத்திருந்த உங்கள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் எடுத்த பாஸ்போர்ட் படம்தான் அது. ஊரையெல்லாம் படம் எடுத்தவருக்குப் பெரிதாக்கிப் போட வேறு நல்ல படம் வீட்டில் இல்லை.

"இப்பிடி இல்லக்கா அவிய" என்றாள்.

"பொறகு எப்பிடி?"

"கெணத்துக்குள்ள என்னையவே பாருங்கன்னு சொன்னாகல்லா? நான் கண்ணெடுக்காமப் பாத்தேன். கன்னமெல்லாம் மண்ணு. தலைக்கு மேல கட்டி கட்டியா விழுது. அவியளுக்கும் பயந்தான், ஒதடு துடிச்சுச்சு. ஆனா சிரிச்சாக. எனக்குத் தைரியம் சொல்லச் சிரிக்காகன்னுதான் மொதல்ல நெனச்சேன். கயித்தக் கழத்தி எனக்கு மாட்டும்போதுதான் தெரிஞ்சுது. எனக்காக இல்லக்கா. அவியளுக்கு நெசமாவே அம்புட்டுச் சந்தோசம்."

அவ்வளவுதான் சொன்னாள். காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இத்தனை வருஷம் உங்களோடு இருந்தவள் நான். உங்கள் முகத்தில் நான் பார்க்காதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. நான் கயிற்றின் இந்தப் பக்கம் இருந்தேன். ஆனாலும் இப்போதெல்லாம் உங்களை நினைத்தால் வருவது அதுதான். கிணற்றின் பாதி ஆழத்தில், உதடு துடிக்க, கன்னத்தில் கரிசல் அப்பி, யாரோ ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இடுப்பில் கயிறு இல்லை. நீங்கள் விழவில்லை.